வெர்லன் படகில் கிடந்த பல்

வெர்லன் ஹாய்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முந்நூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோபா கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெர்லனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வாரம் அவன் படகு மோட்டாரும் தண்ணீர் இழுக்காமல் சூடேறி நின்றுபோனது. காசை வைத்துவிட்டு மோட்டாரை எடுத்துப் போ என்று ரிப்பேர்க் கடைக்காரன் சொல்லிவிட்டான். ஹாய்ட் தன் பையிலிருந்து எடுத்து வைத்தான். பில்லில் இருந்தது அவ்வளவு. அந்த நாற்பது சென்ட்டும் பில்லில் இருந்ததுதான். சீக்கிரம் கொடுத்துவிடுகிறேன் என்று வெர்லன் சொன்னான். மெதுவாகக் கொடு, அவசரமில்லை என்று ஹாய்ட் சொன்னான். வெர்லன் நண்பன் பேச்சைத் தட்டவில்லை.

அதற்கப்புறம் இரண்டு பேரும் எத்தனையோ சனிக்கிழமை மீன் பிடிக்கப் போனார்கள். அந்த மோட்டாரில்தான் போனார்கள். மோட்டார் நன்றாக ஓடியது. பாக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஏரிப் பக்கத்து ஜனங்கள் இரண்டு விஷயத்தை யாரிடமும் நேராகக் கேட்பதில்லை. ஒன்று, கொடுத்த கடன். இன்னொன்று, கிராப்பி மீன் கிடைக்கிற இடம். பெண்டாட்டி எதற்காகக் கோபித்துக்கொண்டு போனாள் என்று கேட்கலாம். ஆபரேஷன் தழும்பைக் காட்டச் சொல்லலாம். இந்த இரண்டை மட்டும் கேட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

இந்த மார்ச் மாதம் ஹாய்ட்டுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. காரணம் பல்.

இடது பக்கம், கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். போன வருஷம் பூராவும் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது ஈறு வீங்கிக் கன்னம் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அவன் வேலை செய்வது மர மில்லில். பெரிய ரம்பம் ஓடும்போது தரை அதிரும். அந்த அதிர்வு பூட்ஸ் வழியாக ஏறி முழங்கால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் அந்தப் பல்லில் போய் உட்காரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறந்து சாப்பிடுவதே இன்னொரு ஷிப்ட் மாதிரி இருந்தது. சோளக் கஞ்சியும் மசித்த உருளைக்கிழங்குமாக நாள் போனது.

டவுனில் பல் டாக்டரிடம் போய்ப் பார்த்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சர்க்கரை உண்டா, இல்லை. புகையிலை உண்டா, விட்டாச்சு. கெட்டியான பொருள் எதையாவது கடிக்கிற பழக்கம் உண்டா, இல்லை. பிடுங்குவதற்கு முந்நூற்று ஐம்பது ஆகும், முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றாள். மில்லில் கைக்கும் காலுக்கும் இன்சூரன்ஸ் உண்டு, பல்லுக்குக் கிடையாது. வைத்திருந்த காசை ஜனவரியில் லாரியின் கியர்பெட்டி சாப்பிட்டுவிட்டது. ஹாய்ட் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி லூரீன் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க பல்லு அந்தாளு படகுலதான் கிடக்கு," என்றாள். "போய் எடுத்துட்டு வாங்க. அந்த நாப்பது சென்ட்டையும் விடாதீங்க."

கேட்காமல் எப்படி வாங்குவது என்பதை அவள் சொல்லவில்லை. அது ஆண்பிள்ளைகள் ஏற்படுத்தி வைத்த பழக்கம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெர்லனே போன் செய்தான். ரெட்பட் மரமெல்லாம் பூத்துவிட்டது, தண்ணீர் சூடு பிடித்துவிட்டது, கிராப்பி ஆழத்திலிருந்து கரைப்பக்கம் ஏற ஆரம்பித்துவிட்டது, காலையில் வந்துவிடு, பிரதர் பெட்டஸும் வருகிறார் என்றான். பிரதர் பெட்டஸ் வருகிறார் என்றதும் ஹாய்ட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தனியாக இருந்தாலே கேட்க முடியாத விஷயம். மூன்றாவது ஆள் இருந்தால் கேட்கவே முடியாது. வெர்லன் அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

காலையில் தூண்டில் கடையில் முதலில் வந்து சேர்ந்தது ஹாய்ட்தான். முதலில் வருகிறவன் எல்லோருக்கும் சேர்த்து இரைக்குக் குஞ்சுமீன் வாங்க வேண்டும், சாயங்காலம் கரை ஏறும்போது பங்கு பிரித்துக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சின்னக் காசு அன்றைக்கே தீர்ந்துவிடும். பெரிய காசுதான் தீராது. பன்னிரண்டு டாலருக்குக் குஞ்சுமீன் வாங்கினான், ஆளுக்கு நாலு டாலர்.

பிரதர் பெட்டஸ் நாற்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கன், குடியைக் கண்ணால் பார்க்கவும் கூடாதவர். எந்த விஷயத்தையும் பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகளை எண்ணி ஏற்றுகிற மாதிரி ஒரே குரலில் பேசுவார். ஹாய்ட்டின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, தன் சித்தப்பா மகன் ஒருவனுக்கு இதே இடத்தில்தான் வீங்கியது, நல்ல கூட்டம் வந்த சாவு என்றார்.

படகு தண்ணீரில் இறங்கியது. வெர்லனுக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப் பல். படகு வேகமெடுத்தால் அது கடகடவென்று ஆடும் என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான் செய்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பையை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பல் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறான் என ஹாய்ட் நினைத்தான். பல் இல்லாதவனுக்குப் பல் மேல் இருக்கிற அக்கறையைப் பார்த்து அவனுக்கு எரிச்சலாக இருந்தது. காற்று வாய்க்குள் புகுந்து ஈறைச் சுண்டிக்கொண்டிருந்தது.

படகின் மூக்கில் இரண்டு நாற்காலி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஹாய்ட்டும் வெர்லனும் அதில் உட்காருவார்கள். எதிரே நீளமான தூண்டில் கழிகள் ஆளுக்கு மூன்று, சிலந்திக்கால் மாதிரி விரித்து வைத்திருக்கும். இரண்டு பேரும் கழி நுனியைப் பார்த்துக்கொண்டு தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தன் முகத்தை இன்னொருத்தன் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஊரில் கல்யாணப் பேச்சு, சாவுச் சேதி எல்லாம் இப்படி உட்கார்ந்துதான் சொல்லிக்கொள்வார்கள். பிரதர் பெட்டஸ் பின்னால் ஒரே ஒரு தூண்டிலோடு கைவலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் ஒரு மணி நேரம் மீன் ஒன்றும் வரவில்லை. ஹாய்ட் சுற்றி வளைத்துப் பார்த்தான். இந்தக் காலத்தில் பல் பிடுங்குவதற்கு என்ன கேட்கிறார்கள் தெரியுமா என்றான். தன் பல்லையெல்லாம் பட்டாளத்தில் சும்மாவே பிடுங்கினார்கள், வேண்டாம் என்றாலும் பிடுங்கினார்கள் என்றான் வெர்லன். லாரி கியர்பெட்டிக்கு ஆன செலவைச் சொன்னான் ஹாய்ட். பழைய லாரியெல்லாம் அப்படித்தான் என்றான் வெர்லன். இந்த மோட்டார் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது பார் என்றான் ஹாய்ட். இதற்கு மேல் கிட்டப் போனால் கேட்பதாகிவிடும்.

வெர்லன் பையைத் தொட்டுப் பார்த்தான். ஆமாம், நல்ல மோட்டார் என்றான்.

பிறகு தூண்டிலையெல்லாம் சுருட்டச் சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினான். ஏரியின் வடக்குக் கை ஒன்றில் நுழைந்து, மொட்டையாக நின்ற சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். ஹாய்ட்டுக்குப் புரிந்துவிட்டது. குளிர்காலத்தில் அணைக்காரர்கள் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். வெறும் சேறும் கட்டாந்தரையும் தெரியும். அப்போது இந்த ஜனங்கள் கிறிஸ்துமஸ் முடிந்து தூக்கிப் போட்ட மரம், தோட்டத்தில் வெட்டின கிளை எல்லாவற்றையும் இழுத்துப் போய், சிமென்ட் கல்லைக் கட்டி அங்கங்கே நட்டுவைப்பார்கள். வசந்தத்தில் தண்ணீர் ஏறினதும் அது புதராக மூழ்கிவிடும். கிராப்பி அதற்குள் குடிவந்துவிடும். யார் புதர் எங்கே இருக்கிறது என்பது நட்டவனுக்கு மட்டும் தெரியும். வெர்லன் வேலையில்லாமல் இருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க முதுகு வலியோடு எங்கேயோ நட்டுக்கொண்டிருந்தான் என்று பேச்சு இருந்தது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"ஹாய்ட்," என்றான் வெர்லன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கரையில தெரியுதே தண்ணித் தொட்டி, அது அந்தச் செத்த சைப்ரஸுக்குப் பின்னாடி மறையணும். இந்தப் பக்கம் அந்தத் தகரக் கூரை, அது ரெண்டு பைன் மரத்துக்கு நடுவுல வந்து நிக்கணும். ரெண்டும் சேர்ற இடம்தான்."

வழிகாட்டுகிற மனுஷனைப் பார்த்ததும் பிரதர் பெட்டஸ் தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிக்கொண்டார். இது தனக்குச் சொல்லப்பட்டது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. முடிந்ததும் சொல்லுங்கள் என்று தொப்பிக்குள்ளிருந்து சொன்னார்.

"இது இனிமே உனக்கும்தான்டா," என்றான் வெர்லன். "நான் இல்லாதப்பவும் வரலாம். எப்ப வேணா வரலாம்."

ஹாய்ட் அந்தச் செத்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லன் கடனைக் கொடுக்கிறான் என்பது விளங்கியது. ஒரு மனுஷன் தன் மகனுக்குக்கூடச் சொல்லாத இடம். முந்நூற்று எண்பத்தாறு டாலருக்குக் குறைச்சலான பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. ரொம்ப நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் பல் டாக்டர் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற பெண்ணிடம் போய், செத்த சைப்ரஸுக்குப் பின்னாடி தண்ணீர்த் தொட்டி மறைய வேண்டும் என்று சொன்னால் அவள் பல்லைப் பிடுங்கச் சொல்வாளா?

"நல்ல இடம்," என்றான்.

நன்றி சொல்லவில்லை. வெர்லனும் அதைக் கவனித்தான். பிரதர் பெட்டஸ் தொப்பியைத் தூக்கலாமா என்று கேட்டார். தூக்கலாம் என்றார்கள்.

புதர் மேல் படகை நிறுத்தித் தூண்டிலை இறக்கினார்கள். மீன் அசையவில்லை. சாப்பாட்டை எடுத்தார்கள். வெர்லன் பிஸ்கட் மேல் சீஸ் வைத்துக் காரச் சாறு ஊற்றித் தின்றான். அதற்காகக் கட்டுப் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டான். பிரதர் பெட்டஸ் மத்தி மீன் டப்பாவை உடைத்து, அதன் மேலேயே ஜெபம் பண்ணினார். ஹாய்ட் டப்பா சாசேஜை நாக்கால் நசுக்கி விழுங்கினான். விழுங்கும்போதெல்லாம் பல் தன் இடத்தில் லேசாகத் திரும்பிப் படுத்தது. திங்கட்கிழமை மறுபடி ரம்பத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதை நினைத்தான். நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். வளர்ப்பு சரியில்லை என்றால் சரியில்லைதான். அவனை வளர்த்தவர்கள் எல்லோரும் செத்துப் போயாகிவிட்டது.

"வெர்லன்," என்றான்.

"ம்."

"நான் ஒண்ணு கேக்கணும்."

மூன்று கழி நுனி ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போனது.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் மனுஷர்களாக இல்லை. கிராப்பி வந்தால் அப்படித்தான், கூட்டமாக வரும், எல்லாக் கழியும் ஒன்றாக வளையும். வெர்லன் இரண்டு கையிலும் இரண்டு மீனைத் தூக்கினான். ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு இன்னொன்றைக் கழற்றினான். பிரதர் பெட்டஸ் கைவலையோடு முன்னும் பின்னும் ஓடினார், அறுபத்தெட்டு வயது ஆள். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். அவர் ஒவ்வொன்றையும் அளவுகோலில் படுக்க வைத்து, தேறாததை ஏசு பேரால் போய்விட்டு வா என்று விட்டார். ஐஸ் பெட்டிக்குள் மீன்கள் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

அந்த ஓட்டத்தில் வெர்லனுடைய தூண்டில் நரம்பு ஒன்று புதரில் மாட்டி அறுந்தது. முள், ஈயக் குண்டு எல்லாம் போயிற்று. புது முள்ளைக் கட்டினான். அதற்கு மேலே நரம்பில் ஈயக் குண்டை மாட்டினான். பட்டாணியைவிடச் சின்ன குண்டு, பாதி பிளந்திருக்கும். பிளவுக்குள் நரம்பை வைத்து நசுக்கி மூட வேண்டும். குறடால் நசுக்கலாம். படகில் குறடு இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் ஈயக் குண்டைக் குறடால் நசுக்கியது கிடையாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். மேல்வரிசை இல்லாததால் வெர்லனால் அது முடியாது. கட்டுப் பல்லில் கடித்தால் கட்டு போய்விடும். அதனால் பதினைந்து வருஷமாக அவன் குண்டை மாட்டிவிட்டு நரம்பைப் பக்கவாட்டில் நீட்டுவான். ஹாய்ட் கழி நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையைச் சாய்த்துக் கடித்துக் கொடுப்பான். பல் டாக்டரின் ஜன்னலில் அந்தப் பெண் கேட்டபோது இது அவன் ஞாபகத்துக்கே வரவில்லை. மூச்சு விடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தாலும் யோசித்துத்தான் சொல்லியிருப்பான்.

வெர்லன் நரம்பை நீட்டினான். ஹாய்ட் தலையைச் சாய்த்தான். கடித்தான்.

சத்தம் பிரதர் பெட்டஸுக்கே கேட்டது.

ஹாய்ட் கத்தவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. வெர்லன் தன் கையிலிருந்த நரம்பைப் பார்த்தான். குண்டு நன்றாக மூடியிருந்தது.

"வாயைத் தெற," என்றான்.

பல் தன் படுக்கையை விட்டு எழுந்து பாதி வெளியே வந்து, உள்பக்கம் சாய்ந்து நின்றது. இனிமேல் வாயை மூட வழியில்லை. கரைக்குப் போய், லாரியில் ஏறி, டவுனுக்குப் போனாலும் சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் இருக்க மாட்டார். இருந்தாலும் காசு இல்லை. இதையெல்லாம் ஹாய்ட் வாயைத் திறந்தபடியே நினைத்துப் பார்த்தான். பிறகு முள் கழற்றுகிற நீளமூக்குக் குறடைக் கையால் காட்டினான்.

"நெசமாவா," என்றான் வெர்லன்.

ஹாய்ட் தலையாட்டினான்.

வெர்லன் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தட்டையான விஸ்கி பாட்டில் ஒன்றை எடுத்தான். அந்த நேரத்தில் கரையோரம் ஒரு கொக்கு நிற்பது பிரதர் பெட்டஸ் கண்ணில் பட்டது. அவர் அதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் திரும்ப இருக்கைக்கு அடியில் போன சத்தம் கேட்ட பிறகுதான் கொக்கு பறந்துவிட்டது என்று சொல்லித் திரும்பினார். பின்னால் வந்து ஹாய்ட்டின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியதில் பிள்ளைகள் தலையைப் பிடித்துப் பழக்கம் உண்டு. ஆண்டவரே, இந்தப் பல்லை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஆரம்பித்தார்.

வெர்லன் குறடில் ஒட்டியிருந்த மீன் செதிலைக் கால்சட்டையில் துடைத்தான். மேலே கொஞ்சம் விஸ்கி ஊற்றினான். உள்ளே விட்டுப் பிடித்தான்.

"ஆமென்," என்றார் பிரதர் பெட்டஸ். "வெர்லன், ரெண்டாவது கழி போகுது."

வெர்லன் ஹாய்ட்டைப் பார்த்தான். ஹாய்ட் வாயைத் திறந்தபடி கண்ணால் கழிப்பக்கம் காட்டினான். வெர்லன் வலது கையில் குறடை விடாமல், இடது கையால் கழியைத் தூக்கினான். நல்ல மீன், பதினாலு அங்குலம் இருக்கும். அதைப் படகுக்குள் போட்டுவிட்டு, ஒரு காலை நாற்காலியில் ஊன்றி, சேற்றிலிருந்து முளைக்குச்சியைப் பிடுங்குகிற மாதிரி முதலில் அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம், பிறகு நேராக மேலே.

பல் வந்துவிட்டது. வேரோடு, முழுசாக. வெர்லன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அதற்கும் அளவுகோல் வைப்பார்போலப் பிரதர் பெட்டஸும் எட்டிப் பார்த்தார். படகு லேசாக ஆடியதில் பல் குறடிலிருந்து நழுவி, தரைப் பலகை இடுக்கில் விழுந்து, அடியில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் போய்விட்டது. தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. லூரீன் சொன்ன இடத்தில் இப்போது அது நிஜமாகவே கிடந்தது.

ஹாய்ட் ரொம்ப நேரம் ரத்தமாகத் துப்பினான். பிரதர் பெட்டஸ் சர்ச்சுக்கு வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையை மடித்துப் பள்ளத்தில் வைத்துக் கடிக்கச் சொன்னார். வலி இருந்தது. ஆனால் அது காயம் பட்ட வலி, அவனுக்குப் பழக்கப்பட்ட ஜாதி. அந்தப் பழைய குடைச்சல் இல்லை. படகை அலை தட்டிய அதிர்வு காலில் ஏறி, முழங்கால், இடுப்பு, முதுகு எல்லாம் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மேலே போக இடமில்லை.

மீன் ஓய்ந்துவிட்டது. ஹாய்ட்டும் வெர்லனும் பழையபடி தோளோடு தோள், எதிரே தண்ணீர்.

"அந்த டாக்டர் எவ்வளவு கேட்டான்?" என்றான் வெர்லன்.

இரண்டு வருஷத்தில் அந்தப் படகில் பணத்தைப் பற்றி நேராக வந்த முதல் கேள்வி அது. பிரதர் பெட்டஸ் தொப்பியில் கை வைத்தார்.

"இருக்கட்டும் பிரதர், நீங்க கேளுங்க. சாட்சி வேணும்," என்றான் வெர்லன்.

"முந்நூத்தி அம்பது," என்றான் ஹாய்ட், கைக்குட்டைக்கு உள்ளேயிருந்து.

வெர்லன் மடியில் கிடந்த குறடைத் திருப்பிப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்பது ஹாய்ட்டுக்குத் தெரிந்தது. இது நியாயமா என்று யோசித்தான். பல் பெயர்ந்தது வெர்லனுடைய குண்டைக் கடித்து. பதினைந்து வருஷமாகக் கடித்ததும் அவன் குண்டுதான். ஆனால் கடித்தது தன் வாய், வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிடுங்கு என்று காட்டியதும் தன் கைதான். டாக்டரிடம் காசைக் கொட்டினாலும் இதே காரியத்தைத்தான் செய்திருப்பார், நடுவில் மீன் தூக்கியிருக்க மாட்டார். லூரீன் என்ன கேட்பாள்? பல் எங்கே என்பாள். வாயைத் திறந்து காட்டலாம்.

"அப்ப மீதி முப்பத்தாறு நாப்பது," என்றான் ஹாய்ட்.

வெர்லன் மூச்சை விட்டான். சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினான். பைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு இருபது டாலர் நோட்டு வெளியே வந்தது. காலையில் கட்டுப் பல்லோடு ஒன்றாகக் கிடந்ததில் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"காலையிலயே குடுக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்," என்றான். "நாப்பதை நீட்டுறதுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு."

ஹாய்ட் வாங்கிக்கொண்டான். அந்தச் சட்டைப் பையைப் பார்த்து எரிச்சல்பட்டதை நினைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். பையைத் துழாவினான், சில்லறை இல்லை. மூன்று டாலர் அறுபது சென்ட் திருப்பித் தர வேண்டும் என்றான். குஞ்சுமீன் பங்கு நாலு டாலர் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள் என்றான் வெர்லன். ஹாய்ட் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். பிரதர் பெட்டஸ் விரலில் போட்டுப் பார்த்தார்.

"இன்னும் நாப்பது சென்ட் நிக்குது," என்றார் பிரதர் பெட்டஸ்.

வெர்லன் கால்சட்டைப் பையையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்தான். ஒரு தக்கையும் அறுந்த நரம்பும் வந்தன. கரைக்குப் போனதும் லாரியில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னான்.

ஹாய்ட் எழுந்தான். நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, முகத்தைப் படகின் வால் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இப்படி உட்கார்ந்தால் தண்ணீர்த் தொட்டியும் தெரியாது, தகரக் கூரையும் தெரியாது. வெர்லன் சொன்ன இடம் கடனுக்காகக் கொடுத்த இடம். கடன் காசாகவும் குறடாகவும் வந்துவிட்ட பிறகு அதை வைத்துக்கொள்வது சரியில்லை.

"எந்த மரத்துக்குப் பின்னாடின்னு சொன்ன? எனக்கு மறந்துபோச்சு," என்றான்.

வெர்லன் அவனைப் பார்த்தான். மோட்டாரைக் கிளப்பினான். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. சைப்ரஸ் மரங்களைத் தாண்டித் திறந்த தண்ணீருக்கு வந்தார்கள்.

"அந்த நாப்பது சென்ட்டு," என்றான் வெர்லன், மோட்டார் சத்தத்துக்கு மேலாக.

ஹாய்ட் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தான். லூரீனை ஒரு தடவை நினைத்தான்.

"விடு," என்றான்.